கார்னிவல் பாட்டுக்கு நான் சொன்ன அர்த்தம்

பொய் சொல்வதைப் பெரிய குற்றமாக நினைக்கிற ஆள் இல்லை நான். ஆனால் பெண் வீட்டில், அதுவும் பரிசத் தட்டு மாற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் சொல்லக்கூடாது. சொன்னால் அதை ஆயுள் முழுக்க உண்மையாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அலுத்துவிட்டது.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், பெண் ஸ்டெல்லாவின் லயத்து வீட்டு வாசலில் பரிசம். எனக்குப் பதுளையில் போன் கடையில் வேலை. (வேலை என்றால், கண்ணாடிக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது.) "மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு" என்று தரகர் அடித்துவிட்டிருந்தார். அந்தப் பெயரைக் காப்பாற்ற, பயணிகள் கப்பலில் வேலை செய்த நண்பன் கொண்டுவந்த கரீபியன் கார்னிவல் பாட்டு ஒன்றை ஸ்பீக்கரில் போட்டேன். தாளத்துக்காக மட்டுமே கேட்டுவந்த பாட்டு அது.

வருங்கால மாமனார் காலாட்டி ரசித்தார். அதோடு விட்டிருக்கலாம்.

"என்ன சொல்றான் மாப்ள?"

அப்போதுதான் வார்த்தைகளைக் கவனித்தேன். இடுப்பை ஆட்டிக்கொண்டு கிட்டே வா, இந்தத் தெருவுக்கே நான்தான் ராஜா, எத்தனை பெண்கள் வந்தாலும் சமாளிப்பேன் என்கிறான் பாவி. முன்வரிசையில் தேவாலயத்து உபதேசியார். இதை உள்ளபடி சொன்னால், எங்கள் வீட்டார் தட்டோடு எங்கள் ஊர் பசறைக்கே பஸ் ஏற வேண்டியதுதான்.

"பொண்டாட்டி கொழுந்து எடுத்துட்டு வர்றா மாமா. களைச்சிருப்ப, கூடையைக் குடு, நான் தூக்குறேங்கிறான்."

கொழுந்தெடுக்க மலைக்குப் போகிற பெண்கள் அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்துப் பாட்டில் ஒரு பெண் புகுந்தாள். உன் ராஜாங்கத்தை நீயே வைத்துக்கொள், நான் ஆட வந்தவள், யாரோடு ஆடுவதென்று நான்தான் முடிவு செய்வேன் என்று கிழித்தாள்.

"அவ என்ன சொல்றா தம்பி?" இது மாமியார்.

"நாள் பூரா மலையில நின்னேன், வந்து அடுப்புலயும் நானே நிக்கணுமா, நீ சமைங்கிறா அத்தை."

"சரியாத்தான கேக்குறா! அதுக்கு அவன்?"

அவன் பழையபடி உற்சாகமாகக் கத்திக்கொண்டிருந்தான்.

"சரி, சரிங்கிறான்."

பெண்கள் பக்கம் ஒரே கைதட்டல். "தட்டு முன்னால மாப்ள வாயால வந்துருச்சு, வாக்குத்தான்!" என்று மாமியாரின் தங்கச்சி முடிச்சுப் போட்டார். எங்கள் பக்கத்தில் அது கையெழுத்துப் போட்டதற்குச் சமம். உபதேசியாரும் தலையாட்டினார். தட்டு மாறியது.

தேத்தண்ணி கொண்டுவந்த ஸ்டெல்லா குனிந்து மெதுவாகக் கேட்டாள். (அவள் டியூஷன் வகுப்பில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவள். தரகர் அதை மட்டும் சொல்லவில்லை.) "நீங்க சொன்னபடி நடக்குறீங்களா, இல்ல, அவன் சொன்னதை அப்பாகிட்ட சொல்லவா?"

நடக்கிறேன். பதினோரு வருஷமாக ராத்திரிச் சோறு என் பொறுப்பு. கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து அடுப்படியிலும் நிற்கும்போதுதான், அந்தப் பெண்கள் ஏன் அப்படிக் கைதட்டினார்கள் என்று புரிகிறது. புரிந்து என்ன, கால் வலி குறைவதில்லை.

மாமியாரும் அன்றைக்கே மாமனாரை அடுப்படிக்குள் இறக்கிவிட்டார். இன்றும் கிறிஸ்மசுக்கு ஆண்கள் டிவி முன்னால் உட்கார்ந்தால் போதும், "அந்தப் பாட்டைப் போடட்டுமா?" என்று ஒரு குரல் வரும். எழுந்துவிடுவோம்.

போன கிறிஸ்மசுக்கு நானும் மாமனாரும் சட்டி கழுவிக்கொண்டிருந்தோம். அடிப்பிடித்த சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"உண்மையைச் சொல்லுங்க மாப்ள. சோறு வடிக்கப் போறவன் எவனாச்சும் அம்புட்டு சந்தோஷமா பாடுவானா?"