மோட்டார் வாருக்கு அரப்புக் குளியல்

மல்லசமுத்திரம்,
1938, தை மாதம், புதன்கிழமை.

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி நாச்சிமுத்துக் கவுண்டர் அவர்கள் சமூகத்துக்கு, சின்னண்ணன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் சம்சாரம் காளியாத்தாளும் ஆடு மாடுகளும் நலம். மோட்டார் காரும் இப்போது நலம். தங்களுக்கும், சம்பந்தியம்மாளுக்கும், மாப்பிள்ளைக்கும், எங்கள் மகள் வசந்தாமணிக்கும், அவள் வயிற்றில் இருக்கும் பேரப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் அர்த்தநாரீசுவரர் காப்பாராக.

வருகிற வெள்ளிக்கிழமை காலையில் முறைப்படி கட்டுச்சோறு கட்டிக்கொண்டு தங்கள் ஊருக்கு வந்து, விருந்து முடித்து, வசந்தாமணியைத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் காரிலேயே அழைத்து வருவோம் என்பதை உறுதி சொல்லவே இதை எழுதுகிறேன். "அந்தக் காரை நம்பி எம் மருமவளை ஏத்த மாட்டேன், பாதி வழியில நின்னா யாரு தள்றது?" என்று தாங்கள் சந்தையில் நாலு பேர் முன்னால் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தாங்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அவளைக் கூட்டி வரத்தானே அந்தக் காரையே வாங்கினேன்? மாட்டுவண்டியில் வந்தால் நம் ரோட்டுப் பள்ளத்தில் குலுங்கி என்ன ஆகுமோ என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஆகையால் காருக்கு வந்த சீக்கையும் அது தீர்ந்த விதத்தையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டுத் தாங்களே நியாயம் சொல்லுங்கள்.

போன மாதம் ஒரு நாள் ஆட்டையாம்பட்டிக்குப் போய்விட்டுக் காரில் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. டிரைவர் சின்னுசாமி விளக்கைப் போட்டான். மின்னாம்பூச்சி அளவுக்குத்தான் வெளிச்சம். ஹாரனை அமுக்கினால் சளி பிடித்த கன்றுக்குட்டி மாதிரி ஒரு முனகல், அப்புறம் அதுவும் இல்லை. எதிரே வந்த வண்டிக்காரன் ஒருவன் இரக்கப்பட்டு லாந்தரைக் கொடுத்தான். நான் மட்கார்டு மேல் உட்கார்ந்து லாந்தரைத் தூக்கிப் பிடிக்க, அப்படியே ஊருக்குள் நுழைந்தோம். தெருக்கோடியில் இருந்த கிழவி ஒருத்தி சாமி புறப்பாடு என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காளியாத்தாள் மட்டும் வாசலில் நின்று, "என்னுங்க, காருக்குள்ள இடமில்லீங்களா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் காருக்கு உயிரே இல்லை. பாட்டரிதான் செத்துப்போச்சு என்று அதைக் கழற்றி, பஸ்ஸில் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு சூரமங்கலம் போனேன். இறங்கிப் பார்த்தால் வேட்டி சல்லடை. உள்ளே இருப்பது தண்ணீர் இல்லை, திராவகமாம்! அதை முன்னாடியே சொல்வதற்கு ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு பாட்டரிக்கு சார்ஜ் ஏற்றி வந்து மாட்டினால் இரண்டு நாள் ஜம்மென்று ஓடியது, மறுபடி படுத்துக்கொண்டது. திரும்பவும் சார்ஜ், திரும்பவும் படுக்கை. கடைசியில், சார்ஜ் இருக்கும்போதே காரை சூரமங்கலத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப் குழந்தைவேலிடம் விட்டேன். அவர் இஞ்சினை ஓட்டி, அது சுற்றும்போது கரண்ட் உண்டாக்குகிற டைனமோவைத் திறந்தார், அதற்குள் உரசுகிற கார்பனைப் பார்த்தார், பாட்டரிக்குக் கரண்டைத் திறந்து மூடுகிற கட்-அவுட்டைப் பார்த்தார், ஒயரையெல்லாம் இழுத்துப் பார்த்தார். "கெணத்துல தண்ணி இருக்குதுங்க, தொட்டியிலயும் ஓட்டையில்லீங்க. ஆனா தொட்டிக்குத் தண்ணி வந்து சேர மாட்டேங்குது" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதைச் சொல்லவா இத்தனை நேரம்? கூட வந்து ஓட்டிப் பாரப்பா" என்று முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

சூரமங்கலம் தாண்டிக் கொஞ்ச தூரம்கூட வரவில்லை, முன்பக்கம் கிறீச் கிறீச் என்று வழக்கமான கத்தல். சின்னுசாமி வண்டியை நிறுத்தினான், மூடியைத் தூக்கினான், சீட்டுக்கு அடியில் இருந்து விளக்கெண்ணெய் மூங்கில் குழாயை எடுத்தான், இஞ்சினிலிருந்து டைனமோவைச் சுற்றுகிற வார் மேல் தாராளமாக ஊற்றினான். கத்தல் நின்றது.

"அடப் பாவி! என்னய்யா பண்ற?" என்று குழந்தைவேல் குதித்து இறங்கினார்.

"கத்துதுங்கல்ல, எண்ணெ உடறேனுங்க. கத்துறப்பெல்லாம் உடோணும்னு இந்தக் கவுண்டர்தான் சொல்லியிருக்காருங்க."

குழந்தைவேல் ரோட்டோரம் உட்கார்ந்து சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வார் தளர்ந்து வழுக்குவதால்தான் கத்துகிறதாம். எண்ணெய் ஊற்றினால் இன்னும் நன்றாக வழுக்குமாம். சத்தம் நிற்கும், டைனமோ சுற்றுவதும் நிற்கும், பாட்டரிக்கு ஒன்றும் போகாதாம்.

நான் விடவில்லை, குழந்தைவேலையே கேட்டேன். "ஏனப்பா, கெணத்துல மாடு பூட்டிக் கவலையில தண்ணி எறைக்கறப்ப உருளை கத்துனா என்ன பண்ணுவ?"

"எண்ணெ உடுவேனுங்க."

"வண்டிச் சக்கரம் கத்துனா?"

"மசகு போடுவேனுங்க."

"அப்புறம் இது மட்டும் என்ன ஜமீன் ஊட்டுப் புள்ளையா? கத்துனா கத்தட்டும்னு உடறதுக்கு?"

சம்பந்தி, தாங்களும் கவலை ஓட்டியவர்தான், தாங்களே சொல்லுங்கள். சுற்றுகிற சாமான் அழுதால் எண்ணெய் கேட்கிறது என்றுதானே நமக்கெல்லாம் தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் குழந்தைவேல் வாரைக் கழற்றிப் பிழிந்தார். பிழிந்ததில் ஒரு கார்த்திகைக்கு விளக்கேற்றலாம். புது வார் மதராஸிலிருந்து வர வேண்டுமாம். அதைக் கேட்டு நான் தலையில் கை வைத்திருக்க, காளியாத்தாள் அடுப்படியிலிருந்து, "எண்ணெ எறங்கோணும்னா அரப்பைப் போட்டுத் தேயுங்க. இதுக்கெல்லாம் மதராஸ் போவாங்களாக்கும்!" என்றாள். சனிக்கிழமை என் எண்ணெய்த் தலைக்கு எப்படித் தேய்ப்பாளோ அப்படியே வாருக்கு அரப்புத் தேய்த்து அலசி, வெயிலில் உலர்த்தி, கொடுத்துவிட்டாள். குழந்தைவேல் அதை மாட்டி, டைனமோவைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி வாரை இறுக்கினார். அவ்வளவுதான்! பாட்டரிக்குக் கரண்ட் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டுகிற கண்ணாடிக்குள் எந்நேரமும் கழித்தல் பக்கமே சாய்ந்து கிடந்த முள், துள்ளிக்கொண்டு கூட்டல் பக்கம் போய் நின்றது. நேற்றுச் சாயங்காலம் விளக்கைப் போட்டால் எதிர் வீட்டுச் சேவல் விடிந்துவிட்டது என்று கூவுகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சம்பந்தி. என் மகள் இனி மகாராணி மாதிரி வருவாள்.

ஆகவே மனதில் ஒரு சந்தேகமும் வைக்காமல் வெள்ளிக்கிழமை எங்களை எதிர்பார்க்கவும். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். தங்கள் குடும்பம் மஞ்சளும் நெல்லுமாகக் குறைவின்றி விளங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
சின்னண்ணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. பார்த்தால் இறங்குவது தாங்கள். பின்னாலேயே வசந்தாமணி! "மாமாதானுங்கப்பா, 'உங்கொப்பன் காரு வந்து சேர்றதுக்குள்ள புள்ளை பொறந்து நடந்தே போயிரும், வா சாமி, நாமளே போயிரலாம்'னு கூட்டியாந்துட்டாருங்க" என்கிறாள். வைக்கோல் மெத்தையில் வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்தாளாம். அதுவாவது போகட்டும். நாங்கள் கட்டிவர வேண்டிய கட்டுச்சோற்றையும் சம்பந்தியம்மாளே கட்டி அனுப்பியிருக்கிறார்கள்! இது எந்த ஊர் முறை? நன்றாகச் சண்டை போட வேண்டும் என்றுதான் எழுந்தேன். அவள் "அப்பா" என்று சிரித்ததும் எல்லாம் மறந்து போச்சு. ஆகையால் இதைத் தபாலில் போடாமல், மோர் குடித்துக்கொண்டிருக்கும் தங்கள் கையிலேயே கொடுக்கிறேன். தாங்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் தங்கள் வண்டியை வண்டிக்காரனோடு ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டிருப்பேன். வெள்ளிக்கிழமை தங்களைக் கொண்டுபோய் வீட்டில் விடப்போவது என் கார்தான்.