சம்பந்தியம்மாள் வயிறும் என் வெந்நீரும்

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் தங்கள் வயிற்றைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் பொறுப்பில் விடவே கூடாது. அப்படி விட்ட ஒரு டச்சுக்கார அம்மாளும், யாரும் கேட்காமலே அந்தப் பொறுப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்ட நானும் பட்ட பாட்டை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சொல்வதைச் சரியாகச் சொல்ல வேண்டாமா? போன தீபாவளிக்கு என் மைத்துனன் சொன்னதில் மட்டும் ஏழு தப்பு. (எண்ணினேன்.) அதனால்தான் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் தகுதி. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். கப்பலேறும் சரக்கிலிருந்து ஒரு கை மிளகை அள்ளி வெள்ளைத் தாளில் பரப்பி, காம்பு எத்தனை, கல் எத்தனை, பூச்சி எத்தனை, எலிப்புழுக்கை எத்தனை என்று எண்ணுவேன். அளவு மீறினால் சரக்கு போய்ச் சேரும் நாட்டுத் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் பார்த்து அனுப்பியதில் ஒரு மூட்டைகூடத் திரும்பி வந்ததில்லை. ஆக, வெள்ளைக்காரன் வயிற்றுக்குள் எது போகலாம், எது போகக் கூடாது என்பதை முப்பத்தொரு வருடம் தீர்மானித்தவன் நான். இதை எங்கள் வீட்டில் ஒரு தகுதியாக யாரும் மதிப்பதில்லை.

என் மகள் ராஜி ஹாலந்துக்கு வேலைக்குப் போனவள், அங்கேயே டிம் என்ற பையனைப் பார்த்து வைத்துவிட்டாள். பையன் நல்லவன். (ஆறடி நாலங்குலம். வந்த அன்றே எங்கள் வீட்டு நிலையில் இரண்டு தடவை தலையை இடித்துக்கொண்டான்.) கல்யாணத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. கல்யாணம் எங்கே என்பதில்தான் தகராறு. டிம்மின் அம்மா மரைக்கே, அவர்கள் ஊர் நகரசபை அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கொரு காப்பி குடித்தால் போதும் என்கிற கட்சி. நான் அப்படி விட முடியுமா? பாலக்காட்டிலிருந்து கொச்சிக்கு வந்து நான்கு தலைமுறை ஆன குடும்பம். ஊரிலுள்ள அத்தனை பேர் வீட்டுக் கல்யாணத்திலும் போய் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, என் ஒரே மகள் கல்யாணத்துக்கு ஒரு பந்திகூடப் போடவில்லை என்றால் யார் முகத்தில் விழிப்பது?

கடைசியில் ராஜி ஒரு சமாதானம் செய்து வைத்தாள். நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டில். மரைக்கேயும் அவர் கணவர் யானும் ஒரு வாரம் முன்னதாகவே வந்து, இருந்து, பார்ப்பார்கள். அதன் பிறகு கல்யாணம் எங்கே என்று அந்த அம்மாளே சொல்வார்.

"அவாளுக்கு ஒரே ஒரு பயம்தான்பா, வயிறு," என்றாள் ராஜி போனில். "முன்னாடி எங்கயோ டூர் போய் ஆஸ்பத்திரில கிடந்தாளாம். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். வெறுதே இருந்தா மதி."

சும்மா இருந்தால் போதுமாம். என்னை.

அவர்கள் பக்கத்துத் தெருவில் ஒரு விடுதியில் தங்கிக்கொண்டு, சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. வந்த அன்றே மரைக்கேயை உட்கார்த்திவைத்துச் சட்டங்களைச் சொன்னேன். ஐஸ் கூடாது. நறுக்கி வைத்த பழம் கூடாது. கடற்கரை வண்டியில் பாட்டில் பாட்டிலாக வைத்திருக்கும் உப்பிலிட்ட மாங்காய், நெல்லிக்காய் கூடாது. குலுக்கி சர்பத் கூடவே கூடாது. (எலுமிச்சையும் பச்சை மிளகாயும் ஐஸும் போட்டு, ஒரு கிளாஸ்மேல் இன்னொன்றைக் கவிழ்த்து, சாமி வந்தவன் மாதிரிக் குலுக்கிக் கொடுப்பார்கள்.) தண்ணீர் என்றால் என் தண்ணீர் மட்டும்.

எங்கள் பக்கத்தில் பச்சைத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. பதிமுகம் என்கிற மரச்சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்து, ரோஜா நிறத்தில் இளஞ்சூடாகத்தான் குடிப்போம். நான் அதைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, குடிக்கிற பதத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு பிளாஸ்க்குகளில் நிரப்பிக்கொண்டு அந்த அம்மாள் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போனேன். அரண்மனைக்குப் போனால் அரண்மனைக்கு. படகுத்துறைக்குப் போனால் படகுத்துறைக்கு. யானைக்குப் பின்னால் போகும் பாகன்கூட அவ்வளவு கவனமாகப் போயிருக்க மாட்டான். அந்த வாரம் பார்த்து எங்கள் வீட்டுச் சந்தில் யாரோ எதற்கோ பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். அந்தச் சேற்றுப் பள்ளத்தையும் பிளாஸ்க்கோடு தாண்டினேன்.

மரைக்கே ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. சொன்னால் கேட்கிறவர். என் தண்ணீரைத் தவிர ஒரு சொட்டு வேறு தண்ணீர் தொடவில்லை. பல் தேய்க்கக்கூட என் பிளாஸ்க்தான். யான் நேர்மாறு. காலையில் காணாமல் போனால் மதியம் நாக்கெல்லாம் உப்புப் பூத்து வருவார். "மாங்காய் மிக நன்றாக இருந்தது," என்பார். நான் பிளாஸ்க்கின் மூடியை இறுக்குவேன். இந்த மனிதர் நிச்சயதார்த்தம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குள் படுத்துவிடுவார், அவருக்காக மரைக்கே கல்யாணத்தை நகரசபைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார் என்று எனக்குத் தூக்கம் கெட்டது.

சனிக்கிழமை மதியம் படுத்தது மரைக்கே.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து போனார். வந்தார். மறுபடியும் போனார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. (அந்தக் கதவு சத்தம் போடும், அவ்வளவுதான். ஐந்து.) வீட்டில் கழிப்பறை ஒன்றே ஒன்று. கொல்லைப்புறத்தில் இருந்த இன்னொன்றை முந்தின வருடம் சாமான் அறையாக மாற்றிய புத்திசாலியும் நான்தான்.

எனக்கு யார்மேல் சந்தேகம் என்று சொல்லவே வேண்டாம். யான்தான் சர்பத்துக் கிருமியைக் கையில் ஒட்டிக்கொண்டுவந்து மனைவிக்குக் கொடுத்திருக்கிறார். நேராக அஷ்ரஃபின் சர்பத்துக் கடைக்குப் போனேன். என் வயிற்றிலும் ஏதோ ஒரு சுழற்சி இருந்தது. கோபத்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

"அஷ்ரஃபே, அந்த வெள்ளைக்காரருக்கு நீ என்ன தண்ணி ஊத்திக் குடுத்தே?"

"எந்தா சாமி, சர்பத்தாணு. இன்னிக்கு மட்டும் மூணு கிளாஸ். நாளைக்கும் வருவேன்னு பறஞ்சு."

"அவர் சம்சாரம் வயிறு கெட்டுக் கிடக்கறா."

"அவங்க இங்க வந்து குடிச்சோ?"

"இல்லை."

"அந்த வெள்ளைக்காரச் சாய்ப்புக்கு வயித்துக்கு ஒண்ணும் இல்லல்லோ?"

"இல்லை."

"பின்னெ?"

அப்புறம் எப்படி என்கிறான். கடைக்குள் எட்டிப் பார்த்தேன். கடைக்குள்ளிருந்த பெஞ்சில் யானே உட்கார்ந்திருந்தார், நான்காவது கிளாஸோடு. முகம் ஆப்பிள் மாதிரி இருந்தது. என்னைப் பார்த்துக் கிளாஸைத் தூக்கிக் காட்டினார். அப்போதுதான் என் வயிற்றுச் சுழற்சி கோபத்தால் வந்தது அல்ல என்று தெரிந்தது.

"சாமிக்கு வேர்க்குதே, ஒரு சர்பத் எடுக்கட்டே?" என்று அஷ்ரஃப் கேட்டான். நான் ஓடிக்கொண்டிருந்தேன். எழுபது வயதில் அந்தப் பள்ளத்தை ஒரே தாவலில் தாண்டியது சந்துக்காரர்கள் அனைவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முகூர்த்தம். காலை ஏழு மணிக்கு மரைக்கே வெளிறிப்போய் வந்து, எங்கள் சமையலறை முக்காலியில் உட்கார்ந்தார். நானும் வெளிறிப்போய் அடுப்பின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நானும் அதே பிளாஸ்க்கில்தான் குடித்திருந்தேன். முந்தின இரவுதான் வந்து இறங்கிய ராஜியையும் டிம்மையும் விட்டால், என் மனைவி கோமதிக்கு மட்டும்தான் ஒன்றும் இல்லை. (அவள் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. காப்பிதான்.)

"நீங்கள் தண்ணீர் காய்ச்சுவதை நான் பார்க்கலாமா?" என்று மரைக்கே ஆங்கிலத்தில் கேட்டார்.

பெருமையாக இருந்தது. இத்தனை நாளில் என் முறையைப் பற்றிக் கேட்ட முதல் ஆள். பாத்திரத்தை வைத்தேன். பதிமுகத்தைப் போட்டேன். கடிகாரத்தைக் காட்டினேன். நடுவில் ஆளுக்கொரு தடவை எழுந்து போய் வந்தோம். இருபது நிமிடம் ஆனதும் தீயை அணைத்து, மூன்று தம்ளர் கொதிநீரைக் கூஜாவில் ஊற்றினேன். பிறகு எப்போதும்போல் ஒரு தம்ளரைக் குழாயடியில் பிடித்துப் பச்சைத் தண்ணீரை நிரப்பி, அதையும் கூஜாவில் ஊற்றினேன். சந்தில் பள்ளம் தோண்டிய நாளிலிருந்து குழாயில் வந்தது லேசாகக் கலங்கித்தான் இருந்தது. பதிமுகத்தின் நிறத்தில் அது தெரியாமல் போய்விட்டது.

மரைக்கே கூஜாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இருபது நிமிடம் கொதிக்கவைத்தது எதற்காக?"

"கிருமி சாவதற்காக."

"இந்தக் குழாய்த் தண்ணீர்?"

"ஆறுவதற்காக."

"இதிலுள்ள கிருமி?"

நான் கூஜாவை மூடிவைத்தேன். கோமதி காப்பியை ஆற்றிக்கொண்டே, "மூணுக்கு ஒண்ணு. அவரோட கணக்காக்கும். அதுல நான் கை வெச்சா என்னைத் தின்னுடுவார்," என்றாள். பக்கத்தில் நின்ற ராஜி சிரத்தையாக அதையும் மொழிபெயர்த்துச் சொன்னாள். பெற்ற மகள்.

எனக்கு ரோஷம் வந்தது. நான் மட்டுமா செய்கிறேன்? "இந்த ஊரில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், அம்மா. எல்லா வீட்டிலும். எல்லா ஓட்டலிலும். எல்லாக் கல்யாணத்திலும்."

"கல்யாணத்திலுமா?" என்றார் மரைக்கே.

அந்த நிமிடமே என் கண்ணில் நகரசபை அலுவலகம் தெரிந்தது. மேஜை, பேனா, ஆளுக்கொரு காப்பி.

மரைக்கே தன் கைப்பையிலிருந்து உப்புச் சர்க்கரைப் பொடிப் பொட்டலங்களை எடுத்தார். புட்டித் தண்ணீரில் கலந்து தானும் குடித்து எனக்கும் ஒரு தம்ளர் கொடுத்தார். கோமதி பாலில்லாத கட்டன் சாயாவில் எலுமிச்சம்பழம் பிழிந்து இரண்டு பேருக்கும் வைத்தாள். பட்டு வேஷ்டியில் நானும் பட்டுப் புடவையில் அந்த அம்மாளும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, சின்னக் குழந்தைகள்போல உப்பில்லாத கஞ்சி குடித்தோம். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பத்து மணிக்குப் புரோகிதம் பண்ணும் வாத்தியார் வந்து ஆரம்பித்தார். "சுருக்கமா பண்ணுங்கோ," என்று காதில் சொன்னேன். சுருக்கமாகச் செய்து பழக்கமில்லாத மனிதர் அவர். என் கொள்ளுத்தாத்தா பெயரைச் சொல்லி, கோத்திரத்தைச் சொல்லி, டிம்மின் கோத்திரம் என்ன என்று ராஜியிடம் விசாரணை வேறு. லக்னப் பத்திரிகை வாசித்து முடிந்து, நானும் மரைக்கேயும் தாம்பூலத் தட்டு மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டத்தில் என் வயிறு என்னைக் கூப்பிட்டது. தட்டை நீட்டினேன். எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அந்த அம்மாளின் முகத்திலும் அதே சேதி.

இருவரும் தட்டுகளை யானின் மடியில் வைத்துவிட்டு நடந்தோம். கூடத்தில் உறவுக்காரர்கள் நாற்பத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் ஓடவில்லை. அந்த ஒற்றைக் கதவின் முன்னால் ஒரே சமயத்தில் போய்ச் சேர்ந்தோம். என் கை கதவுப்பிடியில் முதலில் பட்டது. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: என் கைதான் முதலில் பட்டது.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று நினைவில்லை. என் வீட்டுக்கு வந்தவர் என்பது மட்டும்தான். கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினேன். "யூ ஃபர்ஸ்ட்," என்றேன். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, நூறிலிருந்து தலைகீழாக எண்ண ஆரம்பித்தேன். முப்பத்தொரு வருடம் எண்ணியதெல்லாம் அன்றைக்காகச் செய்த பயிற்சிபோல் இருந்தது. பதினேழில் கதவு திறந்தது. மானம் பிழைத்தது. அதற்குமேல் விவரிப்பதற்கில்லை.

திரும்பி வந்து தட்டு மாற்றிக்கொண்டோம். மாற்றியதும் மரைக்கே ராஜியை அழைத்து, எல்லாருக்கும் சொல்லச் சொன்னார். ராஜி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "கல்யாணம் இங்கயே இருக்கட்டும்ங்கறா. அந்தக் கதவுகிட்ட வழி விட்டவர் வீட்டுல தன் பிள்ளைக்கு ஒரு குறையும் வராதாம். ஆனா ஒண்ணு. அப்பா தண்ணிப் பக்கம் போகப்படாது."

கூடம் முழுவதும் கைதட்டியது. வாத்தியார்கூட.

கல்யாணம் இங்கேதான் நடந்தது. பந்தி போட்டேன், ஐந்து பந்தி. ஆனால் பெண்ணுக்கு அப்பனான என்னை வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிறுத்திவைத்தார்கள். தண்ணீர்ப் புட்டிகள் அடுக்கியிருந்த மூலைக்குக் காவலாக என் மைத்துனன். நான் பாயசம் வந்துவிட்டதா என்று கேட்க அந்தப் பக்கம் திரும்பினால்கூட, "அத்திம்பேர், மூணுக்கு ஒண்ணா?" என்று கத்துவான்.

அன்றிலிருந்து அதுதான் என் பெயர். நான் எந்த யோசனை சொன்னாலும், கரண்ட் பில்லோ, கார் நிறுத்தும் இடமோ, கடைசியில் கோமதி, "மூணுக்கு ஒண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று முடித்துவிடுவாள்.

போன வருடம் நாங்கள் ஹாலந்துக்குப் போனோம். அங்கே எல்லாரும் குழாயிலிருந்து அப்படியே பிடித்துக் குடிக்கிறார்கள். கொதிக்கவைப்பதே இல்லை. வெளிநாட்டில் வயிறு கெட்டால் என்ன ஆகும் என்று அறிந்தவன் நான், சும்மா இருப்பேனா? வீட்டிலிருந்தே பதிமுகம் கொண்டுபோயிருந்தேன். முதல் நாள் காலை மரைக்கேயின் சமையலறையில் இருபது நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கொதிக்கவைத்தேன். மூன்று தம்ளர் கூஜாவில் ஊற்றினேன். கொதிக்கக் கொதிக்க எப்படிக் குடிப்பது?

குழாயைத் திறந்து தம்ளரை நீட்டிய பிறகுதான் பின்னால் ஆள் இருப்பது தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். ராஜி, டிம், கோமதி, யான், மரைக்கே. ஐந்து பேரும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தண்ணீரை மூன்று வாரம் குடித்தேன். என் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கணக்கு சரி என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டேன். மரைக்கே கழிப்பறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "யூ ஃபர்ஸ்ட்," என்றார்.