பார்வைக்கு ஒற்றைக்கல்

மருமகளின் வைர மோதிரம் மாமனாரின் கையில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

கை கழுவும் தொட்டியின் விளிம்பில் அதை மறந்து வைத்துவிட்டு அவள் வேலைக்குப் போயிருந்தாள். வெள்ளைத் தங்கம், கொஞ்சம் மங்கியிருந்தது. தன் வீட்டு மருமகள் மங்கிய மோதிரத்தோடு நாலு பேர் முன்னால் நடமாடுவது மாமனாருக்குப் பொறுக்கவில்லை. பல்பொடி போட்டுத் தேய்த்தார். வெள்ளை போய் மஞ்சள் எட்டிப் பார்த்தது. அதைப் போக்க இன்னும் அழுத்தித் தேய்த்தார். மஞ்சள் முழுசாகவே வெளியே வந்துவிட்டது.

"முலாம்!" என்றார் கண்ணாடியைப் பார்த்து. "சம்பந்தி முலாம் பூசி ஏமாத்திட்டார்!"

அந்த வீட்டில் சோடை போன பொருள் எதுவும் அவர் பக்கத்திலிருந்து வந்ததாக வரலாறு இல்லை.

மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்ததால் தடுக்க ஆளில்லை. மோதிரத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பினார். குடும்ப கௌரவம் சம்பந்தப்பட்டது என்பதால் பக்கத்து வீட்டில் மட்டும் விஷயத்தைச் சொன்னார்.

தெருமுனை நகைக்கடைக்காரர் மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"முலாம் இல்ல சார், ரோடியம் கோட்டிங். வெள்ளைத் தங்கம்னாலே உள்ள லேசா மஞ்சள்தான். மேல ரோடியம் குடுத்தாத்தான் பளிச்சுனு இருக்கும். எதைப் போட்டுத் தேய்ச்சீங்க?"

"அது வேற விஷயம். மேல ஒண்ணு, உள்ள ஒண்ணு. அதானே?"

"அப்படிச் சொல்லிட்டா..."

"கல்லைப் பாருங்க."

கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் இடுக்கினார். "கலர் கே."

"கே-யா? பதினோராவது எழுத்து!"

"வைரத்துக்கு டி-லதான் சார் ஆரம்பம். அதுதான் ஒசத்தி."

மாமனார் விரல்விட்டு எண்ணினார். "அப்பவும் எட்டாவது ரேங்க். எங்க வம்சத்துல யாரும் எட்டாவது ரேங்க் வாங்கினதில்ல."

"கிளாரிட்டி எஸ்.ஐ. உள்ள சின்னச் சின்னப் புள்ளி இருக்கு. வெறுங்கண்ணுக்குத் தெரியாது."

"மறைஞ்சிருக்கிற குறைதான்யா பெரிய குறை. அப்புறம்?"

கடைக்காரர் தயங்கினார். "இது ஒரே கல் இல்ல சார். ஏழு சின்னக் கல்லு. நடுவுல கம்பி தெரியாம நெருக்கி வச்சிருக்காங்க. தூரத்துல பார்த்தா பெரிய ஒத்தக்கல்லு மாதிரியே இருக்கும்."

மாமனார் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு போனை எடுத்தார்.

"சம்பந்தி, உடனே புறப்பட்டு வாங்க. போன்ல பேசற விஷயம் இல்ல."

சம்பந்தி அச்சகம் வைத்திருப்பவர், அதிர்ந்து பேசாதவர். விரலில் மை காயாமலே ஓடிவந்தார். மாமனார் குற்றங்களை அடுக்கினார்: மேலே பூச்சு, எட்டாவது ரேங்க், உள்ளே புள்ளி, ஒன்றாக வேஷம் போடும் ஏழு. வளையல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வளையலை விட்டுவிட்டு இதைக் கவனித்தார்கள்.

"கல்லே இப்படின்னா, குடுத்த கை எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க."

சம்பந்தி மோதிரத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அந்தப் பெண்களைக் கண்டதும் விழுங்கிக்கொண்டார்.

"விடுங்க சம்பந்தி. நாலு பேர் முன்னால எதுக்கு? நானே நல்லதா ஒண்ணு வாங்கித் தந்துடறேன்."

"ஒத்துக்கிட்டீங்களே, அந்த மட்டும் சந்தோஷம். ஆனா ஒரே கல்லா இருக்கணும். கலர் டி. உள்ள தூசு தும்பு இருக்கக் கூடாது."

"எஃப் போதுமே சார். பார்த்தா வித்தியாசம் தெரியாது" என்றார் கடைக்காரர், சம்பந்தியின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு.

"எனக்குத் தெரியும்" என்றார் மாமனார். அவர் வைரம் படிக்க ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

சம்பந்தி பணம் கட்ட கார்டை நீட்டியபோது மருமகள் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். மோதிரத்தைத் தேடி வீட்டுக்குத் திரும்பியவளுக்குப் பக்கத்து வீட்டில் முழு விவரமும் கிடைத்திருந்தது.

"அப்பாவை எதுக்கு மாமா வரவச்சீங்க?"

"உங்கப்பா போட்ட மோதிரத்தோட லட்சணம் அவருக்கும் தெரியணும்ல?"

அவள் மேசைமேல் மஞ்சளித்துக் கிடந்ததைப் பார்த்தாள்.

"எங்கப்பா போட்டது பீரோவுல இருக்கு மாமா. இது நிச்சயத்துக்கு நீங்க போட்டது. 'பெருசா வேண்டாம், பார்வைக்குப் பெருசாத் தெரிஞ்சாப் போதும்'னு நீங்க சொல்லி, அத்தை கடை கடையா ஏறி இறங்கி வாங்கினாங்களாம்."