மணிக்கூட்டுப் பரியாரியும் மருதமுனைப் பிள்ளைகளின் வளர்த்தியும்

மருதமுனையில் அந்தக் காலத்தில் ஒருவரையும் முகத்தால் அறியாத ஒரே மனிதர் எங்கள் ஊர் வைத்தியர் மணிக்கூட்டுப் பரியாரிதான். எதிரே வருகிறவர் யாரென்று பார்க்கமாட்டார். சலாம் சொல்லி, கையைப் பிடித்து, இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்துச் சற்று நின்ற பிறகுதான் "ஆ, நீயா" என்பார். பிடித்த கையை விட ஒரு நிமிடமாகும். அவசரமாகப் போகிறவர்கள் அவரைக் கண்டால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் சலாம் சொல்வார்கள்.

மலைநாட்டில் ஏதோ ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஓடலியாக, அதாவது எடுபிடி ஆளாக, இருந்துவிட்டு ஊருக்கு வந்தவர். அங்கே மருந்துப் போத்தல் கழுவியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று அவரைப் பிடிக்காதவர்கள் சொன்னார்கள். பிடித்தவர்களும் அதை மறுக்கவில்லை. வரும்போது அவர் கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று, சங்கிலியில் தொங்கும் வெள்ளி மணிக்கூடு. மற்றது, ஒரு கொள்கை.

கொள்கை இதுதான்: பிள்ளையின் வளர்த்தியை உயரத்தில் பார்க்கக்கூடாது, நாடியில் பார்க்கவேண்டும். பிறந்த பிள்ளையின் நாடி குருவியின் நெஞ்சு மாதிரி படபடவென்று அடிக்கும். பிள்ளை வளர வளர அது ஆறும். பள்ளிக்கூடம் போகத் தொடங்கும்போது நூறுக்குக் கிட்ட வரும். மீசை அரும்பும்போது எண்பதுக்கு இறங்கும். பிறகு ஆள் வளர்ந்து முடிந்தது என்று கணக்கு.

"உசரம் என்னத்துக்கு மனே? முருங்கையும்தான் உசருது" என்பார். "நெஞ்சு எப்ப ஆறுதலா அடிக்குதோ, அப்பதான் மனிசன் வளர்ந்திரிக்கான்."

இது முழுப் பொய்யல்ல என்று பின்னாளில் ஆஸ்பத்திரித் தாதி மிஸ்ஸி ஒருவர் எனக்குச் சொன்னா. பிள்ளைகளுக்கு வேகமாக அடிப்பதும், வளர வளரக் குறைவதும் உண்மைதானாம். ஆனால் ஆளுக்கு ஆள் மாறுமாம், ஓடினால் கூடுமாம், காய்ச்சல் வந்தாலும் கூடுமாம். பரியாரியின் பிழை, உலகத்தில் அந்த ஒன்றைத் தவிர வேறொன்றையும் அவர் நம்பாததுதான்.

ஊருக்கும் அவர் தேவைப்பட்டார். பிள்ளை எப்போது பிறந்தது என்று கேட்டால் பாதிப் பேர் "மாரிக்கு முந்தி" என்பார்கள். எந்த மாரி என்று திருப்பிக் கேட்டால் கோபம் வரும். ஆகவே பிள்ளைக்கு என்ன வயது, ஒழுங்காக வளர்கிறதா என்று தெரியவேண்டுமென்றால் பரியாரியைக் கூப்பிடுவார்கள். ஒரு தேத்தண்ணியும் இரண்டு வெற்றிலையும் போதும்.

எங்கள் பக்கத்து வளவுக் கதீசா மாமியின் மகன் உதுமான் பத்து வயதாகியும் கட்டையாகவே இருந்தான். பரியாரி வந்து கையைப் பிடித்தார்.

"வயசு பத்து. நாடி ஆறு வயசு நாடி. நெஞ்சு இன்னும் அடங்கி ஆறல்ல."

"ஆறினா வளருவானா பரியாரி?"

"ஆறத்தான் வேணும். வளர்ந்தா ஆறும்."

மாமி இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டா. நெஞ்சை ஆறவைத்தால் பிள்ளை வளர்ந்துவிடும் என்று எண்ணி, உதுமானை ஒரு பன்பாயில் இருத்திவிட்டா. ஓடக்கூடாது, பாயக்கூடாது, கடற்கரைப் பக்கம் தலைவைக்கக்கூடாது. வேலி தாவி வந்த கோழியைத் துரத்தவும் அனுமதியில்லை. வேளைக்கு வேளை சாப்பாடு பாய்க்கே வந்தது. ஒரு மாதமும் பத்து நாளும் கழித்துப் பரியாரியைக் கூப்பிட்டா.

"நாடி இறங்கியிரிக்கு" என்றார் பரியாரி சந்தோசமாக.

"புள்ளையும் வளர்ந்திரிக்கான்" என்றா மாமி.

இரண்டும் உண்மை. ஆனால் உதுமான் வளர்ந்தது பக்கவாட்டில். அவனை எழுப்ப இரண்டு பேர் வரவேண்டியிருந்தது.

அடுத்தது சாய்ந்தமருது மாப்பிள்ளைக் கதை. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குச் சாய்ந்தமருதுவிலிருந்து மாப்பிள்ளை பேசினார்கள். தோணி வைத்திருந்த ஆள். பெண்ணின் வாப்பா எதையும் சரிபார்க்காமல் செய்யாதவர். எதற்கும் இருக்கட்டுமென்று பரியாரியையும் அழைத்துப் போனார். பரியாரி மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மணிக்கூட்டைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. பெண்ணின் வாப்பாவை வெளியே கூப்பிட்டு, "கலியாணத்தக் கொஞ்சம் பொறுங்க. மாப்பிளைக்கு வயசு பன்ரெண்டு" என்றார்.

"மீசை இரிக்கே பரியாரி."

"மீசை வெளிய முளைக்கிற சாமான். நான் சொல்றது உள்ளுக்கு."

அந்த மாதம் முழுக்க அப்படித்தான் நடந்தது. ஊரில் யாருடைய கையைப் பிடித்தாலும் வயது குறைந்து வந்தது. பேரப்பிள்ளை கண்ட விதானையாருக்குப் பதினொன்று. பள்ளிவாசல் லெப்பைக்கு ஒன்பது. ஒரு பிரசங்கத்துக்கு வந்த பெரிய ஆலிமுக்குப் பத்து என்று சொல்லப்போய்ச் சண்டையாகிவிட்டது. கடைசியில் பரியாரி தன்னுடைய கையையே பிடித்துப் பார்த்தார். ஏழு.

அவருடைய மனைவி குசினியிலிருந்து சொன்னா: "எனக்கு அது கலியாணம் முடிச்ச கிழமையே தெரியும். அதுக்குமேல ஒரு நாளும் வளரல்ல."

அப்போதுதான் ஒருவர் மணிக்கூட்டை வாங்கிப் பள்ளிவாசல் மணிக்கூட்டோடு வைத்துப் பார்த்தார். பள்ளிவாசலில் ஒரு மணித்தியாலம் போக, பரியாரியுடையதில் முக்கால் மணித்தியாலம்தான் போயிருந்தது. அதில் அவர் பார்ப்பது செக்கன் முள்ளை மட்டும். நேரம் பார்ப்பதற்கு அவருக்குத் தொழுகைக்கு அழைக்கிற வாங்குச் சத்தம் இருந்தது. மணிக்கூடு மெதுவாக ஓடினால் ஒரு நிமிடத்துக்குள் நாடி அதிகம் அடித்த மாதிரித் தெரியும், ஆள் சிறுபிள்ளையாகிவிடுவார். எல்லோரும் சிரித்தார்கள். பரியாரி சிரிக்கவில்லை. மணிக்கூட்டைக் காதில் வைத்துக் கேட்டார்.

"பாருங்க" என்றார், "நான் சொல்றதுதான் சரி. இதுவும் வளர்ந்திட்டுது. அதுதான் ஆறுதலா அடிக்குது."

கல்முனைச் சந்தையில் கொடுத்து அதைத் திருத்திக்கொண்டார். கலியாணமும் நடந்தது. மாப்பிள்ளை மட்டும் கடைசிவரைக்கும் பரியாரிக்குக் கை கொடுக்கவில்லை.

எனக்கும் அவருக்கும் நேரடியாக ஒரு வழக்கு வந்தது நான் ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது.

அந்த வருடம் நான் ஒரு சாண் உயர்ந்துவிட்டேன். பாவாடை முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் நின்றது. உம்மாவின் மூத்த தம்பி, எங்கள் பெரிய மாமா, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவும்போது சொன்னார்:

"புள்ள பெருத்திட்டுது. இனிப் பள்ளிக்கூடம் போனது காணும்."

எங்கள் ஊரில் அது வழக்கம். பெண்பிள்ளை பெரிய பிள்ளையாவதற்கு முன்பே மறித்துவிடவேண்டும். பள்ளிக்கூடத்தில் வைத்துப் பெரிய பிள்ளையானாள் என்ற பேச்சு வரக்கூடாது. தை மாதத்தில் எங்கள் வகுப்பில் இருக்கிற நீள வாங்கு ஒன்று நிறையப் பெண்பிள்ளைகள் இருந்தோம். ஆடிக்குள் நான் அந்த வாங்கில் கால் நீட்டிப் படுக்கலாம் போல இடம் வந்துவிட்டது. எனக்குப் படிப்பைத் தவிர வேறொன்றிலும் கெட்டித்தனமில்லை. பாய் பின்னினால் ஓலை கோணும். வாப்பாவின் தறிக்கு நூல் சுற்றினால் சிக்கும். யாரோடும் கதைக்கவும் தெரியாது. புத்தகம் ஒன்றுதான் என்னைக் கதைக்கச் சொல்லாமல் தான் கதைத்தது.

வாப்பா மாமாவுக்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தறியில் நூல் ஓட்டுகிற நாடாவை நிறுத்தி, "பரியாரி வந்து பார்க்கட்டும். நாடி வளர்ந்திட்டுதெண்டு சொன்னா மறிப்பம்" என்றார்.

நான் நூற்கட்டுகளுக்குப் பின்னால் இருந்து இதைக் கேட்டேன். பரியாரியின் கணக்கு எனக்குத் தெரியும். நாடி ஆறியிருந்தால் வீடு. படபடத்தால் பள்ளிக்கூடம்.

பரியாரி வருவதாகச் சொன்ன பின்னேரம், நானாகவே கிணற்றடிக்குப் போனேன்.

"நான் தண்ணி அள்ளுறன் உம்மா."

உம்மா வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தா. "காய்ச்சல் ஒண்டும் இல்லையே" என்று போய்விட்டா.

குடங்களை நிரப்பினேன். பெரிய தண்ணீர்க் கிடாரத்தை நிரப்பினேன். ஆட்டுக்கு வைத்தேன். வாழைக்கு ஊற்றினேன். பிறந்ததிலிருந்து ஒருவரும் தண்ணீர் ஊற்றாத இரண்டு தென்னைக்கும் ஊற்றினேன். படலை திறக்கிற சத்தம் கேட்டதும் ஓடிவந்து, வாயை இறுக்கி மூடி, மூக்கால் மட்டும் மூச்சுவிட்டபடி பாயில் இருந்தேன். நெஞ்சு தறி மாதிரி அடித்தது. எல்லாம் சரியாக இருந்தது.

"பரியாரி, கையப் பிடிச்சிப் பாருங்க" என்றார் மாமா.

பரியாரி பின்னால் சாய்ந்தார். "பெரிய புள்ளையெண்டா நான் தொட ஏலா."

"பெரிய புள்ளையாகப் போறாளா எண்டு தெரியத்தானே கூப்பிட்ட."

"தொட்டாத்தான் தெரியும். தெரிஞ்சாத்தான் தொடலாம்."

மூன்று ஆண்களும் இதை யோசித்தார்கள். யோசிக்கத் தேத்தண்ணி வந்தது. வாப்பா ஒரு மிடறு குடித்தார். மாமா ஒரு மிடறு குடித்தார். பரியாரி சீனி காணாது என்று இன்னும் கொஞ்சம் கேட்டார். ஒவ்வொரு மிடறுக்கும் என் நெஞ்சு ஆறிக்கொண்டு வருவது எனக்குத் தெரிந்தது. அந்தத் தேத்தண்ணிக் கோப்பை காலியாவதற்குள் நான் வளர்ந்துவிடுவேன் போலிருந்தது. பாவாடைக்குள் கால் விரல்களை மடக்கி மடக்கி நீட்டினேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

கதவுக்குப் பின்னால் நின்ற உம்மாதான் வழி சொன்னா. "லேஞ்சியப் போட்டுப் பாருங்களேன்."

பரியாரி மடியிலிருந்து சலவை செய்த வெள்ளை லேஞ்சி ஒன்றை, கைக்குட்டை அளவில், எடுத்தார். என் மணிக்கட்டின்மேல் விரித்து, அதன்மேல் இரண்டு விரலை வைத்தார். மற்றக் கையில் மணிக்கூட்டைத் திறந்தார்.

மாமா விடவில்லை. "மத்தப் புள்ளைகள அரை மணித்தியாலம் சும்மா இருத்திப்போட்டுத்தானே எண்ணுவீங்க? ஓடின நாடி கணக்கில்லையெண்டு நீங்கதானே சொல்ற?"

பரியாரி தலை நிமிரவில்லை. "இது இருந்த இடத்த விட்டு எழும்பாத புள்ள போலத்தான் கிடக்கு."

எண்ணி முடித்து மணிக்கூட்டை மூடினார். "நூற்றிப் பத்து."

மாமா தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "என்ட ஆறு வயசு மகனுக்கு நூறெண்டு சொன்னீங்க."

"ஓம். இது அவனையும் விடச் சின்னன்."

"பரியாரி, இவ அவன விட ஒரு முழம் உசரம்."

"உசரத்த நீங்க பாருங்க. வளர்த்திய நான் பார்க்கிறன்." பிறகு வாப்பாவிடம் திரும்பினார். "இந்த வருசம் முடியுமட்டும் ஒரு பயமும் இல்ல. சோதனை எழுதட்டும்."

வாப்பா தலையாட்டிவிட்டுத் தறிக்குப் போனார். நாடா ஓடத் தொடங்கியது. மாமாவும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. கையைப் பிடிக்கச் சொன்னதும் தீர்ப்புக் கேட்டதும் அவர்தான்.

பரியாரி லேஞ்சியைத் தூக்கினார். என் சட்டைக் கையிலிருந்து கிணற்றுத் தண்ணீர் வடிந்திருந்தது. லேஞ்சியின் நடுவில் ஒரு பெரிய ஈரவட்டம். அவர் அதைப் பார்த்தார். மாமா எட்டிப் பார்ப்பதற்குள், ஈரத்தை உள்ளே வைத்து ஒரு மடிப்பு, அதன்மேல் இன்னொரு மடிப்பு, பிறகு இன்னொன்று, காய்ந்த பக்கம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

படலைக்குப் போகும்போது உம்மாவிடம் மட்டும் சொன்னார்: "புள்ள களைச்சிரிக்கும். குடிக்க ஏதும் குடுங்ககா."

ஐந்தாம் வகுப்பை நான் முடித்தேன். அடுத்த தையில் மாமா பரியாரியைக் கூப்பிடாமல் தனியாக வந்தார், என் படிப்பு அதோடு சரி. எழுத்துக்கூட்டாமல் பெரிய புத்தகங்களை வாசிக்க நான் பழகியது அந்த மிச்ச ஐந்து மாதத்தில்தான். பரியாரி மௌத்தாகிப் பல வருடமாகிவிட்டது. தொழுதுவிட்டு மௌத்தானவர்களுக்காகத் துஆக் கேட்கும்போது வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அடுத்ததாக அவரையும் சேர்த்துக்கொள்கிறேன். அவருடைய சொந்தப் பெயரை நான் யாரிடமும் கேட்டு வைக்கவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அல்லாஹ்வுக்குத் தெரியும்.