சித்தப்பாவுக்கு ஒரு சோப்பு

கலியமூர்த்தி சட்டியை எட்டிப் பார்த்தார். பொன்னிறமாக வரவேண்டிய சோப்புக் குழம்பு ஆரத்தித் தட்டு மாதிரி சிவந்து கிடந்தது.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சோப்பு செய்வது அவருக்கு ஒரு பித்து. அதை இரண்டாவது தடவை தேய்த்துக் குளித்தவர்கள் காலனியிலேயே கிடையாது. இப்போது விஷயம் வேறு. அடுத்த மாதம் மன்னார்குடியிலிருந்து மாசிலாமணிச் சித்தப்பா பேரன் பேத்திகளோடு வருகிறார். ஆக்ரா, ஹரித்வார் எல்லாம் பார்த்துவிட்டு, ஸ்கூல் திறக்கிறவரை இந்த ஒன்றரை அறையில்தான் ஜாகை. "உருப்படியா ஏதாவது செஞ்சிருக்கியாடா?" என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் மனுஷர். அவர் வாயால் ஒரு சபாஷ் வாங்கிவிட்டால் போதும், கலியமூர்த்தியின் ஜென்மம் கடைத்தேறிவிடும்.

சோப்பு என்றாலே முகத்தைச் சுளிக்கும் மனைவி வடிவு, இந்தத் தடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடவே நின்றாள். மஞ்சள் தூள் போடச் சொன்னதே அவள்தான்.

"செவந்துட்டா என்ன? சொட்டு நீலம் விடுங்க, அடங்கிடும்."

விட்டார். அடங்கவில்லை, கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. சரி, வாசனையாவது இருக்கட்டும் என்று ரோஸ் எசன்ஸை ஊற்றினார். காஸ்டிக் சோடா அந்த மணத்தை மொத்தமாக விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடவில்லை.

வெனிலா எசன்ஸும் கிராம்புத் தைலமும் சேர்த்தால் வாசனை தெருமுனை வரை தூக்கும் என்றாள் வடிவு. முந்தின நாளே ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கி வைத்திருந்த பாட்டில்களையும் எடுத்து நீட்டினாள். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்று கலியமூர்த்திக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தைலம் விழுந்ததுதான் தாமதம், குழம்பு இறுகிப்போய்க் கரண்டி நட்டுக்குத்தலாக நின்றது. ஒருவழியாக அதைச் சுரண்டித் தட்டில் அப்பினார்.

விடிந்து பார்த்தால் அத்தனையும் கருப்பட்டி நிறம். பல் டாக்டர் கிளினிக்கில் பாயசம் வைத்தாற்போல ஒரு வாசனை.

சித்தப்பாவுக்குக் கடைச் சோப்பு வாங்கிவிடலாம் என்றார் அழாத குறையாக.

"அச்சா, நல்லாருக்கே. உங்க கையால செஞ்சதை விட்டுட்டா?" என்று சொல்லி, வடிவு அதையே ஒரு மாதம் காயவைத்துக் குளியலறையில் அடுக்கினாள்.

சித்தப்பா வந்தார், குளித்தார், ராத்திரி முழுக்கச் சொறிந்தார். மறுநாள் பேரன் பேத்திகள் குளியலறைப் பக்கமே போகமாட்டோம் என்று ஊளையிட்டார்கள். அதற்கு மறுநாள், ஊரில் அவசர வேலை என்று சித்தப்பா ஆக்ராவைக்கூடப் பார்க்காமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டார்.

கலியமூர்த்தி நொந்தே போய்விட்டார். இனிமேல் சோப்பே செய்வதில்லை என்று சட்டியைப் பரணில் ஏற்றப் போனபோது, மாடிவீட்டு ஜெயலட்சுமி அவசரமாக உள்ளே வந்தாள்.

"அண்ணே, உங்க சித்தப்பாவுக்காகன்னே வடிவக்கா பக்குவம் சொல்லிச் செய்யவெச்சாங்களாமே, அந்தச் சோப்புல நாலு கட்டி ஜல்தியா குடுங்க. நாளைக்கு எங்க நாத்தனார் குடும்பத்தோட வர்றாங்க."