வாலில்லாத கூட்ஸ் வண்டி

மாமியார் எட்டு நாள் தங்க வருகிறாள் என்று கேள்விப்பட்ட அந்த நிமிஷமே, எட்டை மூன்றாகக் குறைத்துவிடுவது என்று நல்லகாமன் சபதம் செய்தான். மனசுக்குள்தான் செய்தான். வாய்விட்டுச் சபதம் செய்ய அந்தக் கோச்சடை வீட்டில் அவனுக்கு அனுமதி கிடையாது.

சேதியைச் சொன்னவள் அவன் மனைவி சோலையம்மாள்.

"ஊர்ல பருத்தி எடுத்து முடிச்சாச்சாம். மூட்டையெல்லாம் டேசனுக்குப் போயிருச்சாம். இனி வேலையில்ல, மகளைப் பாத்து எட்டு நாள் இருந்துட்டு வாரேன்னு ஆத்தா சொல்லி விட்டுருக்கு. வெள்ளிக்கிழமை வருதாம்."

இம்புட்டுப் பேச்சில் நல்லகாமன் காதில் ஏறியது 'எட்டு நாள்' என்கிற இரண்டே சொல். மற்றதெல்லாம் காற்றோடு போனது.

மாமியார் ஒச்சம்மாள் கெட்டவள் இல்லை. ஒரு கடுஞ்சொல் பேசமாட்டாள். ஆபத்தே அதில்தான் இருந்தது. விடியுமுன் எழுந்து மருமகன் வயலை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். வந்து, "மாப்ள, மேக்கு வரப்பு என்ன, நண்டு நடந்த மாதிரி கோணிக்கிட்டுப் போகுது?" என்று மரியாதையாகக் கேட்பாள். அதே மரியாதையோடு மண்வெட்டியைக் கையில் கொடுப்பாள். போன தடவை ஆறு நாள் இருந்தாள். அந்த ஆறு நாளில் நாலு வரப்பு நேரானது, கிணறு தூர்வாரப்பட்டது, நல்லகாமனின் அரைஞாண்கயிறு முழங்காலுக்கு இறங்கிவிட்டது.

அதைவிடப் பெரிய நஷ்டம், மத்தியானம் ரயில்வே கேட்டுக்குப் போக முடியாமல் போனது.

ஊருக்கு மேற்கே, மதுரையிலிருந்து போடிக்குப் போகும் ரயில் லைனில் இருந்தது அந்தக் கேட்டு. கேட்டுக்காரர் உக்கிரபாண்டி. அவர் குடிசை நிழலில் கட்டிலைப் போட்டு, கூட்ஸ் வண்டி பார்ப்பதுதான் நல்லகாமன் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட உத்தியோகம். நீள வண்டியை எந்த மடையனும் வாயைப் பிளந்து பார்ப்பான். நல்லகாமன் தேடியது குட்டை வண்டி. இரண்டு பெட்டி, மூன்று பெட்டி. ஒரு ஆவணி மாதத்தில் எஞ்சின், ஒரே ஒரு பெட்டி, கடைசியில் கொடியோடு கார்டு நிற்கும் கார்டு பெட்டி என்று ஒரு வண்டி வந்தது. அந்த ஒரு பெட்டிக்குள்ளும் ஒரே ஒரு ஆட்டுக்கல்தான் இருந்தது என்று அவன் வில்லாபுரம் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

வில்லாபுரத்துச் சோணை அதற்கும் மேலே போனான். "நான் பெட்டியே இல்லாம வெறும் எஞ்சின் பாத்தேனே!"

அன்றைக்கு நல்லகாமன் ஒரு சட்டம் போட்டான். "வால் இல்லாதது வண்டியே இல்ல. கடைசியில கார்டு பெட்டி கேட்டைத் தாண்டணும். அப்பத்தான் அது ஒரு வண்டி. அதுவரைக்கும் கணக்கே கிடையாது." உக்கிரபாண்டியும் தலையாட்டினார். சட்டம் நிலைத்தது. வீட்டில் சோறு போடும்போதெல்லாம் சோலையம்மாள் அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள்.

எட்டு நாளை மூன்றாக்கும் வழியும் அந்தக் கேட்டில்தான் கிடைத்தது. வெள்ளிக்கிழமை மத்தியானக் கூட்ஸ் எப்போதும் குட்டை. ஆறு மாசமாக அது மூன்று பெட்டி, நாலு பெட்டிக்கு மேல் வந்ததில்லை. குடிசைச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறான்.

அன்று சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவாமலே ஆரம்பித்தான்.

"ஏ புள்ள, ஒங்காத்தா எத்தனை நாள் இருக்கணும்கிறதை நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். தெய்வம் சொல்லட்டும்."

"எந்தத் தெய்வம்?"

"வெள்ளிக்கிழமை கூட்ஸு. எத்தனை பெட்டி வருதோ அத்தனை நாள்."

சோலையம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டு பெட்டி வந்தா?"

"ரெண்டு நாள். தெய்வச் சித்தம்."

"கூட வந்தா?"

"நூறு பெட்டி வந்தா நூறு நாள் இருக்கட்டும்! நானா தடுக்கப் போறேன்?"

"உங்க சட்டப்படிதான எண்ணணும்? வால் தாண்டுனாத்தான் கணக்கு?"

பெண்டாட்டிக்கும் ரயில்வே ஞானம் வந்துவிட்டதே என்று நல்லகாமனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "அதேதான்! உக்கிரபாண்டி அண்ணன் சாட்சி."

"சரிங்க" என்றாள் அவள். இம்புட்டுச் சுலபமாகச் சரி சொல்கிறாளே என்று ஒரு புருஷன் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? இவன் படவில்லை. சந்தோஷத்தில் ஒரு கை சோறு கூடக் கேட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சோலையம்மாளும் கேட்டுக்கு வந்தாள். ஒரு சொளகு நிறைய மொச்சைக்காயைக் கொண்டுவந்து, நிழலில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினாள். உக்கிரபாண்டி கேட்டை அடைத்தார். மேற்கே புகை தெரிந்தது.

எஞ்சின் வந்தது. பின்னால் ஒரு பெட்டி. இரண்டு. மூன்று. அதோடு வெறும் தண்டவாளம்.

"மூணு!" நல்லகாமன் துண்டை உதறிப் போட்டு ஆடினான். "ஏ சோல, மூணே மூணு! திங்கக்கிழமை ஒங்காத்தாவுக்கு நானே கட்டுச்சோறு கட்டுறேன்!"

சோலையம்மாள் மூன்று மொச்சையை எடுத்து மடியில் போட்டாள். மறுபடி உரிக்கத் தொடங்கினாள்.

"எந்திரி புள்ள, போவோம்."

"இருங்க. அண்ணன் இன்னும் கேட்டைத் தெறக்கலையே."

நல்லகாமன் திரும்பிப் பார்த்தான். உக்கிரபாண்டி மேற்கே பார்த்தபடி கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே, தெறங்க!"

"வால் எங்க தம்பி?"

"எந்த வால்?"

"கார்டு பெட்டி வரலையே. எங்கிட்டோ கொக்கி அத்துப்போச்சு. மிச்ச வண்டி பின்னால நிக்குது. அதைக் கொண்டாராம நான் எப்படித் தெறக்க?"

சொல்லி வாய் மூடவில்லை, கிழக்கே அடுத்த டேசனில் மூன்று பெட்டியையும் விட்டுவிட்டு எஞ்சின் தனியாகத் திரும்பி மேற்கே ஓடியது.

"அண்ணே, முன்னால வந்தது ஒரு வண்டின்னு வச்சுக்குவோமே. பின்னால வாரது வேற வண்டி..."

"நீ போட்ட சட்டம்தான தம்பி" என்றார் உக்கிரபாண்டி. அவர் என்ன செய்வார், பாவம்.

அரை மணி கழித்து எஞ்சின் முக்கி முனகிக்கொண்டு வந்தது. பின்னால் பெட்டி. பெட்டி. பெட்டி. கதவிடுக்கிலெல்லாம் பருத்தி பிதுங்கியது. சோலையம்மாளின் மடியில் மொச்சை டொக்கு டொக்கென்று விழுந்தது. பன்னிரண்டாவதில் நல்லகாமனுக்கு வேர்த்தது. இருபதில் கட்டிலைப் பிடித்துக்கொண்டான். அதற்கு மேல் எண்ண அவனுக்குக் கண் தெரியவில்லை. அந்த வண்டியின் தலை மதுரையைத் தொட்டபோது வால் செக்கானூரணியில் இருந்தது என்று பிற்காலத்தில் அவனே சொல்லித் திரிந்தான்.

சிக்னல் இறங்காததால் வண்டி கிறீச்சென்று நின்றது. கார்டு பெட்டி கேட்டைத் தாண்டி, சரியாகக் கட்டிலுக்கு நேரே வந்து நின்றது.

அதன் வாசலில், ஒரு கையில் பச்சைக் கொடியும் மறு கையில் ஓலைப்பெட்டியுமாக நின்றாள் ஒச்சம்மாள்.

"வாங்க மாப்ள, இந்தப் பெட்டியைப் பிடிங்க" என்று இறங்கினாள். "சாயங்காலம் பாசஞ்சர் வர்றவரைக்கும் எதுக்குக் காத்துக் கெடக்கணும்னு கார்டு ஐயாகிட்டக் கெஞ்சி ஏறிட்டேன். நல்லவேளை ஏறினேன். கொக்கி அத்து வண்டி பின்னால ஓடப் பாத்துச்சு. அவரு ஒத்தை ஆளாப் பிரேக்கைச் சுத்த முடியாம திணறுனாரு. நானும் சேந்துல்ல சுத்துனேன்! அந்தச் சந்தோசத்துல கொடியை வச்சுக்கச் சொல்லிட்டாரு."

கார்டு வெட்கத்தோடு கொடியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

நல்லகாமனுக்கு ஒரே ஒரு சந்து தெரிந்தது. "அத்தை, வந்தது சந்தோசம். ஆனா பெட்டி எத்தனைன்னு நான் பாதியில விட்டுட்டேன். மொச்சையை நம்ப முடியாது, ஒண்ணு ரெண்டு உருண்டு ஓடியிருக்கும். அதனால பழைய எட்டு நாளையே வச்சுக்குவோம்..."

"நீங்க எதுக்கு மாப்ள சிரமப்படணும்? பருத்தி ஏத்த வெள்ளிக்கிழமைக் கூட்ஸுலதான் பெட்டி தாராகன்னு நான் முன்னமே சொல்லி விட்டேன். எண்ணிட்டு வான்னு சோலை திருப்பிச் சொல்லி விட்டுச்சு. ஏறும்போதே ஒண்ணொண்ணாத் தொட்டு எண்ணிட்டேன். முப்பத்தி நாலு."

சோலையம்மாள் மடியை விரித்து மொச்சையை எண்ணினாள். முப்பத்தி நாலு.

நல்லகாமன் ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டான். வரப்பெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தன. நாலடி நடந்திருப்பான். பின்னாலிருந்து சோலையம்மாள் கூப்பிட்டாள்.

"ஏங்க, வால் இல்லாதது வண்டியே இல்லைன்னு நீங்கதான சொன்னீக? அப்ப அந்த வால் பெட்டியையும் சேத்தா முப்பத்தஞ்சு நாள்."