கண்மருந்துச் சீட்டின் கீழ்ப்பாதி

எங்கள் குடும்பத்தில் மருந்துச் சீட்டை இங்கிலீஷில் வாசித்த முதல் ஆள் நான்தான். அதை அரைகுறையாக வாசித்த ஒரே ஆளும் நான்தான்.

சிக்கல் என்ற கிராமத்தில் எங்களுக்கு மிளகாய் விவசாயம். நான் டிகிரி முடித்துவிட்டு, கடலாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முதல் சம்பளம் வந்ததும் சோடாபுட்டிக் கண்ணாடியை மூட்டைகட்டி வைத்துவிட்டு கான்டாக்ட் லென்ஸுக்கு மாறினேன். (கண்ணுக்குள் இருப்பது தெருவில் யாருக்கும் தெரியாது. ஆனால் எனக்கு என்னவோ கூடிவிட்டது என்பது என் நடையைப் பார்த்தாலே தெரியும்.)

அந்த வருஷம்தான் அய்யாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) கிளாக்கோமா என்று ராமநாதபுரத்துக் கண் டாக்டர் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி ஓரப் பார்வை கொஞ்சம் போயிருந்தது. இடப்பக்கம் கட்டியிருந்த கன்றுக்குட்டி மேல் அவர் இரண்டு தடவை மோதியதற்குக் காரணம் அதுதான். போன பார்வை வராது. மிச்சம் நிற்க வேண்டுமென்றால் காலையும் மாலையும் சொட்டு மருந்து, ஆயுசுக்கும். அய்யா மசியவில்லை.

"வலியில்ல, பொகைச்சல் இல்ல. நல்லாருக்குற கண்ணுல நானே எதையாச்சும் ஊத்திக் கெடுத்துக்கிறவா?"

நான் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த சீட்டை விரித்து, பாதிவரை வாசித்துத் தமிழில் விளக்கினேன். கீழே எழுத்து பொடியாக இருந்தது.

"பூராம் வாசிச்சிட்டியாத்தா?" என்றார்.

"நமக்கு வேண்டியத வாசிச்சிட்டேன்யா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒன்றும் செய்யாது பாருங்கள் என்று அண்ணாந்து என் கண்ணிலேயே ஒரு சொட்டு விட்டுக் காட்டினேன், லென்ஸைக் கழற்றாமலே. அவர் முகம் மாறாததால் அடுத்த கண்ணிலும் ஒன்று. சாயங்காலம் பார்ப்போம் என்று அய்யா பாதி சம்மதித்தார்.

மத்தியானம் வகுப்பில் கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா நகர்ந்து இடம் கொடுத்து, துக்கம் எந்த வீட்டில் என்று மெதுவாகக் கேட்டார். வீட்டு வாசலில் அய்யா என் கண்ணைப் பார்த்தார். காயப்போட்டிருந்த மிளகாயைப் பார்த்தார். நேராக உள்ளே போய் மருந்துக் குப்பியை எடுத்துப் பரணில் போட்டார்.

"படிச்ச புள்ள கண்ணே இப்புடி ஆச்சுன்னா, எங்கண்ணு அவிஞ்சுல்ல போகும்?"

அன்று சாயங்காலம் சொட்டு இல்லை. மறுநாள் காலையும் இல்லை. அவருக்கு மிச்சமிருந்த பார்வையையும் என் படிப்பே கெடுத்துவிடும்போல இருந்தது. பழைய சோடாபுட்டியை மாட்டிக்கொண்டு, கெஞ்சிக் கூத்தாடி அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, அடுத்தவர் மருந்தைத் தொட்டதற்கு முதலில் திட்டினார். பிறகு விளக்கினார். மெத்தென்ற இந்த லென்ஸ் பஞ்சு மாதிரி. மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனத்தைக் குடித்து வைத்துக்கொண்டு நாள்பூராவும் கண்ணுக்குள் கசிய விடும். லென்ஸ் போடுகிறவர்கள் கழற்றிவிட்டுத்தான் மருந்து விட வேண்டும்; கால் மணி நேரம் கழித்துத்தான் திரும்ப மாட்ட வேண்டும்.

"சீட்டுலயே போட்டிருக்குமே, வாசிக்கலையா?"

நான் மேஜையைப் பார்த்தேன். அய்யா என்னைப் பார்த்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, தன் கண்ணுக்குள் அந்த மாதிரி எதுவும் கிடையாதே என்று கேட்டு உறுதி செய்துகொண்டார்.

"அப்ப ஊத்துங்க" என்று அண்ணாந்தார்.

திரும்பும் பஸ்ஸில் சீட்டின் கீழ்ப்பாதியை, தயாரித்த கம்பெனியின் விலாசம் வரைக்கும், சத்தமாக வாசிக்க வைத்தார். லென்ஸ் பற்றிய வரி வந்ததும் அதை மட்டும் இன்னொரு தடவை.

மிச்சமிருந்த பார்வை இன்னும் அவரிடம் இருக்கிறது. சொட்டு விட நான் குப்பியைத் திறந்தால், அவர் கண்ணுக்குத்தான் மருந்து என்றாலும், "நீ கழட்டிட்டியா?" என்று கேட்காமல் தலையைச் சாய்ப்பதில்லை. என் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெருமையாக வாசித்துக் காட்டினேன். முடித்ததும் அய்யா நிதானமாகக் கேட்டார்:

"பூராம் வாசிச்சியாத்தா, இல்ல நமக்கு வேண்டியத மட்டுமா?"

இப்போது என் வீட்டுக்காரரும் அதையே கேட்கிறார்.